நான் போட்ட இரண்டு பட்டை

போலீஸ் ஸ்டேஷன் வளாகத்தில், வேப்பமரத்தடியில் நிறுத்தியிருந்த ஜீப்புக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தேன். முதுகுக்குக் கீழே ஓர் உரச் சாக்கு. மூக்குக்கு நேரே பின் அச்சு. முன் சக்கரங்களிலிருந்து பிரேக் கருகின வாடை இன்னும் போகவில்லை. அதோடு ஏலக்காய் வாசமும் கலந்து வந்தது. வண்டிக்குள் சிதறிக் கிடந்த தூக்குச் சட்டிகளில் ஒன்று கசிந்து, ஊசிப்போன ரசம் சொட்டுச் சொட்டாக என் காதருகே விழுந்துகொண்டிருந்தது.

முந்தின நாள் சாயங்காலம், எஸ்டேட் வேலை முடிந்து கம்பம் மெட்டு மலைப்பாதையில் இறங்கும்போது, பதினெட்டுப் பெண்களோடு அந்த ஜீப் மலைச்சுவரில் மோதியிருந்தது.

பேப்பரில் வழக்கம்போல ‘அப்பளம்போல் நொறுங்கியது’ என்று போட்டிருந்தார்கள். அப்படியொன்றும் நொறுங்கவில்லை. பம்பர் மடங்கி, ஒரு மட்கார்டு கிழிந்து, ரேடியேட்டர் ஒழுகிக்கொண்டிருந்தது. சக்கரம் நாலும் நேராகத்தான் நின்றன. அடி பட்டதெல்லாம் உள்ளே இருந்தவர்களுக்கு. ஒருத்திக்குத் தொடை எலும்பு, இரண்டு பேருக்குக் கை, அவர்களை வேலைக்குச் சேர்த்துக் கூட்டிப் போகிற பாண்டியம்மாளுக்குத் தோள்பட்டை. சாவு இல்லை. டிரைவர் காதர் பள்ளத்துப் பக்கம் விடாமல் மலைப்பக்கம் திருப்பி இடித்ததால் சாவு இல்லை.

அந்தக் காதரைத்தான் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். கம்பத்துக்காரன். பதினைந்து வருஷமாக அந்த மலையில் ஜீப் ஓட்டுகிறவன். என்னை மாமா முறை வைத்துக் கூப்பிடுவான். எந்த வழியில் மாமா என்று நாங்கள் இருவருமே யோசித்ததில்லை. காலையிலேயே போன் செய்து என்னை வரச் சொல்லியிருந்தான்.

“மாமா, பெடலு கல்லு மாதிரி நிக்கிது. முழுக்கால வச்சு மிதிக்கிறேன். வண்டி பாட்டுக்குப் போய்க்கிட்டே இருக்கு. சொன்னா ஒருத்தரும் நம்ப மாட்டேங்குறாக. நீங்களாச்சும் அடியில படுத்து ஒரு தடவ பாருங்க.”

நம்பாததற்குக் காரணம் இருந்தது. மோட்டார் வாகன ஆய்வாளர், எங்கள் ஊர்ப் பேச்சில் பிரேக் இன்ஸ்பெக்டர், எனக்கு முன்பே வந்து பார்த்துவிட்டார். வளாகத்துக்குள் இருபதடி ஓட்டி மிதித்தார்; ஜீப் குத்துக்கல்லாக நின்றது. எண்ணெய்க் கசிவு இல்லை. பிரேக்கில் குறை இல்லை, ஓட்டுநரின் அலட்சியம் என்று எழுதப் போகிறார். எழுதிவிட்டால் காதருக்கு லைசென்ஸ் போகும். கேஸும் நடக்கும். வீட்டில் அவன் ஒருவன்தான் சம்பாதிக்கிறவன்.

நான் அடியில் படுத்து ஒரு நிமிஷம் ஆகியிருக்காது. பின் ஸ்பிரிங் கட்டைப் பார்த்தேன். பட்டைகளை அச்சோடு சேர்த்துக் கட்டுகிற யூ போல்ட் நட்டுகளின் மேல் மஞ்சள் பெயின்ட்டில் ஒரு கோடு. இறுக்கி முடித்த நட்டில் அப்படிக் கோடு இழுப்பது ராணுவப் பழக்கம். இந்தப் பள்ளத்தாக்கில் அந்தப் பழக்கம் உள்ள பட்டறை ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது.

கோயில் முதலில், பட்டறை அடுத்து

எங்கள் பக்கத்து வழக்கத்தைச் சொல்ல வேண்டும். புது ஜீப் எடுத்தால் நேரே குச்சனூருக்குப் போவார்கள். சனீஸ்வரருக்குப் பூசை போட்டு, மாலை சாத்தி, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கி எடுப்பார்கள். அங்கிருந்து வீட்டுக்குப் போவதில்லை. மாலை காய்வதற்குள் உத்தமபாளையம் ரோட்டில் இருக்கிற என் பட்டறைக்கு வந்து நிற்பார்கள்.

“அண்ணே, தூக்கி விடுங்க.”

தூக்கி விடுவது என்றால் பின் ஸ்பிரிங் அடுக்கில் இரண்டு இரும்புப் பட்டை கூட்டுவது. கம்பெனி கொடுத்த பட்டையோடு பதினெட்டுப் பேரை ஏற்றினால் ஜீப் வாலைத் தரையில் தேய்க்கும். கொண்டை ஊசி வளைவில் மட்கார்டு டயரில் உரசும். இரண்டு பட்டை கூட்டினால் எவ்வளவு ஏற்றினாலும் பின்பக்கம் தூக்கியே நிற்கும். அப்படி நிற்பது எங்கள் ஊரில் ஒரு அழகு. பின்பக்கம் தாழ்ந்து போகிற ஜீப்பைப் பார்த்தால் டீக்கடையில் சிரிப்பார்கள்.

நான் அடியில் படுத்து வேலை பார்க்கும்போது சாமந்தி இதழ்கள் முகத்தில் விழும். ஓனர் ஆட்டுக்கறி பிரியாணிப் பொட்டலம் வாங்கி வந்து வைப்பார். நல்ல நாள், நல்ல வேலை. எத்தனை ஜீப்புக்கு அப்படிப் போட்டேன் என்று என்னைக் கேட்டால் தெரியாது.

காதர் ஓட்டிய ஜீப் புது மாடல். அதற்கும் போட்டேன். அதே மாலை, அதே சாமந்தி. போட்டுவிட்டு, மஞ்சள் கோடும் இழுத்துவிட்டு, கை கழுவிப் பிரியாணி தின்றேன். இன்றைக்கு அதை நினைத்தாலும் என்னை நானே அறைய வேண்டும்போல் இருக்கிறது.

பென்சில் பருமனில் ஒரு கம்பி

பின் அச்சிலிருந்து மேலே வண்டியின் இரும்புச் சட்டத்துக்குப் போகிற ஒரு கம்பி அந்த ஜீப்பில் உண்டு. பென்சில் பருமன்தான் இருக்கும். மேலே ஒரு வால்வில் போய்ச் சேரும். பட்டை போட்ட அன்று அதைப் பார்த்தேன். ஆட்டத்தைக் குறைக்க ஏதோ வைத்திருக்கிறான் என்று நினைத்துத் துணியால் துடைத்துவிட்டு வேலையைப் பார்த்தேன். ஸ்டேஷன் மரத்தடியில்தான் அது என்னவென்று எனக்கு உறைத்தது.

விஷயம் இதுதான். காலி வண்டியில் பின் சக்கரத்துக்கு முழு பிரேக் கொடுத்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளும், வண்டி வாலைச் சுழற்றும். நிறைந்த வண்டியில் பின் சக்கரத்துக்கு முழு பிரேக் கொடுக்காவிட்டால் வண்டி நிற்காது. இரண்டும் ஒரே வண்டிதான். வண்டி காலியா நிறைவா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? பாரம் ஏறினால் ஸ்பிரிங் அமுங்கும், சட்டம் கீழே இறங்கும், கம்பி வால்வைத் தள்ளும், வால்வு பின் பிரேக்கைத் திறந்துவிடும். நல்ல யோசனை. கம்ப்யூட்டர் வேண்டாம், கண் வேண்டாம். இதை வரைந்தவன் கெட்டிக்காரன், ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் அந்தக் கெட்டிக்காரன் ஒரு தடவை கம்பம் பஸ் ஸ்டாண்டில் காலை ஐந்தரை மணிக்கு வந்து நின்றிருந்தால் என்ன? பெண்களை அடுக்கிக்கொண்டு ஜீப்புகள் மலையேறுவதை ஒரு டீ குடிக்கிற நேரம் பார்த்திருந்தால் போதும். இந்த ஜனங்கள் பட்டை கூட்டுவார்கள், கூட்டினால் சட்டம் இறங்காது, இறங்காவிட்டால் என் வால்வு ஏமாந்துபோகும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கும். அதைத் தெரிந்துகொள்ளாமலே வண்டியை இங்கே விற்றார்கள். கதவு ஓரத்தில் ஒரு எச்சரிக்கை ஸ்டிக்கர் இருந்ததாம், எறும்பு அளவு எழுத்தில், இங்கிலீஷில். எஸ்டேட் பெயர் எழுதிய பெயின்டர் அதன் மேலேயே அடித்துவிட்டான்.

ஆக, பதினெட்டுப் பேரோடு இறங்குகிற ஜீப், தன்னைக் காலி ஜீப் என்று நினைத்துக்கொண்டு இறங்கியது. பின் சக்கரங்கள் சும்மா உருண்டன. முன் பிரேக் இரண்டும் மொத்த பாரத்தையும் வாங்கி, வளைவுக்கு வளைவு சூடேறி, கருகி, கடைசியில் கையை விரித்துவிட்டன. அதுதான் காதர் மிதித்த கல்லுப் பெடல்.

வண்டி செய்வது என்றாலே ஒன்றை விட்டு ஒன்றைப் பிடிப்பதுதான். அதில் எனக்கு வழக்கில்லை. புதுக் கார் வாங்கியவர்கள் என்னிடம் வந்து பம்பரைத் தட்டி, “தகரம்ணே, பழைய அம்பாசடர் கணக்கா வருமா?” என்பார்கள். அந்தத் தகரம் மடங்குவதால்தான் உங்கள் நெஞ்சு மடங்காமல் இருக்கிறது என்று பொறுமையாகச் சொல்லுவேன். காரைக் கொடுத்து ஆளைக் காப்பாற்றுகிற ஏற்பாடு அது. சரியான ஏற்பாடு.

டிக்கியில் இடம் வேண்டுமென்று ஸ்டெப்னியையே எடுத்துவிட்டு, பஞ்சர் அடைக்க ஒரு பசை டப்பாவைக் கொடுக்கிறார்கள் பாருங்கள், அது எந்த ஊர் ஏற்பாடு? மலைப்பாதையில் கூர்ங்கல் ஏறி டயர் ஒரு சாண் கிழிந்தால் பசையை வைத்து என்ன செய்வது? சென்சாரில் சேறு பட்டால் இன்ஜின் தானாகவே சக்தியைக் குறைத்துக்கொள்கிறது. இன்ஜின் பிழைத்துக்கொள்ளும். பின்னால் லாரி வருகிற வளைவில் நிற்கிற ஆள்? எதைக் காப்பாற்றி எதை விடுவது என்று தீர்மானிக்கிற அறையில், விடப்படுகிற ஆள் ஒருநாளும் உட்கார்ந்திருப்பதில்லை. என் கோபமெல்லாம் அங்கேதான்.

கயிற்றால் கட்டிய கதவு

இந்தத் தொடரைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு, நான் ராணுவத்தில் வண்டி மெக்கானிக்காக இருந்த பெருமை அலுத்துப் போயிருக்கும். இந்த வாரம் அந்தப் பெருமை கொஞ்சம் இறங்கட்டும்.

வடக்கே ஒரு முகாம். சிப்பாய்களை ஏற்றிப் போகிற வண்டிகளுக்குக் குண்டு துளைக்காத தகடு அடித்து அனுப்பினார்கள். கதவைத் திறக்கத் தோள் கொடுத்துத் தள்ள வேண்டும். ஜன்னல் கண்ணாடி என் உள்ளங்கை அகலத் தடிமன், திறக்கவே திறக்காது. காற்றுக்கு ஒரு சின்ன விசிறி. தகடு அடிக்க அடிக்க எடை ஏறியது. எடைக்காக மற்றதையெல்லாம் குறைத்தார்கள், குளிர்சாதனத்தையும் சேர்த்து.

கோடையில் அதற்குள் உட்கார்ந்து பாருங்கள். அரை மணி நேரத்தில் பையன்கள் வாந்தி எடுத்தார்கள். என்ன செய்வார்கள்? கதவைப் பாதி திறந்து, உள்ளே இருந்து கயிற்றால் இழுத்துக் கட்டிக்கொண்டு போனார்கள். காற்று வந்தது. ஒருநாள் அந்த இடைவெளி வழியாகவே குண்டும் வந்தது. ஒரு பையனுக்கு முழங்கால் போயிற்று.

விசாரணை அறிக்கையில் சிப்பாய்களின் ஒழுங்கீனம் என்று எழுதினார்கள். நான் அதிகாரியிடம் போய், தகடு அடித்தவன் ஒரு மணி நேரம் இதற்குள் உட்கார்ந்திருந்தால் அவனும் கயிறு கேட்டிருப்பான் என்று சொன்னேன். எனக்குத் தெரிந்த இந்தியில், தெரிந்த மரியாதையில்தான் சொன்னேன். குண்டில் சாவதைவிட வேர்வை மேல் என்றார். என் லீவும் போயிற்று.

இன்னொன்றும் அங்கே உண்டு. ராணுவ வண்டிகளின் முகத்தில் மஞ்சள் வட்டம் ஒன்று, அதற்குள் ஓர் எண் இருக்கும். வண்டியின் பாரத்தைச் சொல்கிற எண். பாலத்துக் காவலர் அதைப் பார்த்துத்தான் விடுவார். தகடு அடித்த வண்டிகளில் பழைய எண்ணே இருந்தது. பெயின்டரைப் பிடித்து இழுத்து வந்து, ஒவ்வொரு வண்டியாக மாற்றச் சொன்னவன் நான். எடை கூடினால் எல்லாவற்றையும் மறுபடி பார் என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போனவனும் நான்தான்.

அவ்வளவு கத்தியவன், சொந்தப் பட்டறையில் பிரியாணி தின்றுகொண்டு பட்டை போட்டிருக்கிறேன். கம்பெனிக்காரனைத் திட்டினேனே, அவனாவது இந்த ஊரைப் பார்த்ததில்லை. நான் இந்த ஊரிலேயே இருக்கிறேன். ஐந்தரை மணி ஜீப்புகளைத் தினமும் பார்க்கிறேன். எனக்கு என்ன சாக்கு?

பதினெட்டு மூட்டை

ஜீப்புக்கு அடியிலிருந்து வெளியே வந்து பிரேக் இன்ஸ்பெக்டரிடம் போனேன். ஐம்பதைத் தாண்டியவர். தப்பான ஆள் இல்லை. அன்றைக்கு இன்னும் மூன்று இடத்துக்குப் போக வேண்டியிருந்தது, அவ்வளவுதான். நான் பட்டை போட்டதையும், கம்பியையும், வால்வையும் சொன்னேன். ஜீப் ஓனரும் அங்கே வெள்ளை வேட்டி கசங்காமல் நின்றிருந்தார்.

“வண்டி நிக்கிதே, நானே மிதிச்சுப் பாத்தேனே,” என்றார் இன்ஸ்பெக்டர்.

“காலியா மிதிச்சீக சார். காலி வண்டிக்கு அது சரியாத்தான் பிடிக்கும். ஆள் ஏத்தினாத்தான் வினை.”

ஓனர் குறுக்கே விழுந்தார். “யோவ், ஒனக்கு எதுக்குய்யா இந்த வேல? வண்டியில குத்தம்னு எழுதுனா இன்சூரன்ஸ் பணம் வராது. டிரைவர் மேல எழுதுனா அவன நான் ஜாமீன்ல எடுத்துக்கிற மாட்டனா? பர்மிட்டுக்கு மேல ஆள் ஏத்துனது அவன்தான?”

பெஞ்சில் இருந்த காதர் அவரை நிமிர்ந்து பார்த்தான். தினமும் காலையில் எத்தனை பேர் ஏறினார்கள் என்று போனில் கேட்டுக்கொள்கிற மனுஷன் இவர்.

“ஆள ஏத்தி டெஸ்ட் பண்ண எனக்கு அதிகாரம் கிடையாது,” என்றார் இன்ஸ்பெக்டர்.

“எங்கள ஏத்திக்கிட்டு மலை ஏற மட்டும் யாரு சார் அதிகாரம் குடுத்தாக?”

திரும்பிப் பார்த்தோம். பாண்டியம்மாள். அனுமந்தன்பட்டிக்காரி. அந்த ஜீப்புக்கு ஆள் சேர்க்கிறவள் அவள்தான். தோளில் கட்டு, கழுத்திலிருந்து தொங்குகிற தூளியில் ஒரு கை. வாக்குமூலம் கொடுக்க மற்ற பெண்களோடு வந்திருந்தாள். டிரைவர் போன் பேசிக்கொண்டு ஓட்டினார் என்று சொல்லும்படி யாரோ அவர்களுக்குச் சொல்லியிருந்தார்கள்.

“போனும் பேசல, ஒண்ணும் பேசல. அல்லாவக் கூப்பிட்டு மிதிச்சாரு. நாங்க ஆத்தாவக் கூப்பிட்டோம். அம்புட்டுத்தான் நடந்துச்சு. இப்ப என்ன, பாரம் வேணுமா? மண்ணு ஏத்திப் பாத்தா ஒத்துக்குவீகளா?”

இன்ஸ்பெக்டர் கையிலிருந்த தாளை மடித்துப் பையில் வைத்தார். பிறகு ஒத்துக்கொண்டார். அதற்காக அவருக்கு ஒரு கும்பிடு.

ஸ்டேஷனுக்குப் பின்னால் சந்தை கூடுகிற மைதானம். பக்கத்தில் யாரோ வீடு கட்டக் கொட்டியிருந்த மணல். உரச் சாக்குகளில் முக்கால் அளவு மணல் அள்ளிக் கட்டினார்கள். ஆம்பிளைகள் நாங்கள் தூக்க வருவதற்குள் அந்தப் பெண்களே இரண்டிரண்டு பேராகத் தூக்கிவிட்டார்கள். ஏலக்காய் மூட்டை சுமக்கிறவர்களுக்கு இதெல்லாம் பெரிய வேலை இல்லை.

மூட்டையை ஏற்றும்போது ஒரு காரியம் செய்தார்கள். கண்ட இடத்தில் போடவில்லை. “இது நானு,” என்று ஒருத்தி டிரைவருக்குப் பின்னால் வைத்தாள். “இது நம்ம மாரியம்மா, ஒடம்பு பெருத்தவ, ரெண்டு கை மண்ணு கூடப் போடு.” “செல்விய அங்கன கடைசில வையி, அவளுக்குக் காத்து வேணும்.” தொடை எலும்பு முறிந்து தேனி ஆஸ்பத்திரியில் கிடக்கிறவளுக்கும் ஒரு மூட்டை வைத்தார்கள். சிரித்துக்கொண்டுதான் வைத்தார்கள். என்னால்தான் அதைப் பார்க்க முடியவில்லை. பதினெட்டு மூட்டையும் ஏறி முடிந்தபோது, பின்பக்கம் ஒரு விரற்கடைகூட இறங்காமல் ஜீப் அழகாகத் தூக்கி நின்றது.

ரேடியேட்டரில் குடத்துத் தண்ணீரை ஊற்றி, இன்ஸ்பெக்டரே ஓட்டினார். தரையில் போட்டு வைத்த சுண்ணாம்புக் கோட்டில் மிதித்தார். ஜீப் கோட்டைத் தாண்டியது, மணல் குவியலைத் தாண்டியது, எதிரே இருந்த கழிவுநீர் வாய்க்காலுக்கு இரண்டு முழம் இருக்கும்போது நின்றது. வண்டியிலிருந்து இறங்கியவர் முகத்தில் ஈயாடவில்லை.

அவர் கையைப் பிடித்துத் தரையைக் காட்டினேன். முன் சக்கரம் இரண்டும் பூட்டிக்கொண்டு மண்ணை உழுதிருந்தன. பின் சக்கரத் தடத்தில் டயர் வரிகள் பூப்போல அச்சு அசலாகப் பதிந்திருந்தன. பிரேக் பிடித்த சக்கரம் அப்படிப் பூ வைக்காது.

பிறகு அடியில் படுத்து, வால்வைத் தள்ளுகிற அந்தக் கம்பியைப் பாரம் ஏறிய நிலைக்கு இழுத்துக் கட்டினேன். மறுபடி ஓட்டச் சொன்னேன். இந்தத் தடவை கோட்டைத் தாண்டி ஒரு வண்டி நீளத்துக்குள் நின்றது. நாலு சக்கரமும் மண்ணை உழுதிருந்தன.

கூடியிருந்தவர்கள் கை தட்டினார்கள். ஜீப் டிரைவர்கள் பத்துப் பேராவது வந்திருப்பார்கள். எல்லாருக்கும் கேட்கும்படி கத்தித்தான் சொன்னேன். “இது பரிகாரம் இல்லப்பா, கேட்டுக்கங்க. இப்பிடிக் கட்டுனா காலி வண்டி மழையில வாலச் சுத்தும். பட்டையக் கழட்டணும், ஆளக் குறைக்கணும். அம்புட்டுத்தான் வழி.” தலையாட்டினார்கள். ஒருவன் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தான்.

இன்ஸ்பெக்டர் இரண்டாவது தாளில் எழுதினார். பாரத்தோடு ஓடும்போது பின் பிரேக் போதவில்லை, அனுமதியில்லாமல் ஸ்பிரிங்கில் செய்த மாற்றம் காரணம் என்று. மாற்றம் செய்தவர் என்ற இடத்தில் என் பெயரும் பட்டறையின் பெயரும் ஏறின. காதரைச் சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பினார்கள். லைசென்ஸ் தப்பியது.

திராட்சைப் பெட்டி

ஒரு மாசம் போயிருக்கும். எனக்கு நோட்டீஸ் வந்து, அதற்குப் பதில் எழுதி, கையில் கிடைத்த ஜீப்காரர்களுக்கெல்லாம் போன் போட்டு, “வாங்கப்பா, போட்ட பட்டையைக் கழட்டித் தர்றேன், கூலி வேண்டாம்” என்று கெஞ்சிக்கொண்டிருந்த நேரம். இரண்டே பேர் வந்தார்கள். அதில் ஒருவர் ஜீப்பை விற்கப் போகிறவர்.

ஒருநாள் மத்தியானம் காதர் வந்தான். ஒரு பெட்டி பன்னீர் திராட்சை கொண்டு வந்திருந்தான். மேசையில் வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டான்.

“மாமா, நீங்க மட்டும் அன்னைக்கு உண்மையச் சொல்லாட்டி நான் இந்நேரம் உள்ள கெடப்பேன். வீட்ல உங்களுக்காக துவா செய்யாத நாளு கெடையாது.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. டீ சொன்னேன். ஜீப் ரிப்பேராகி வந்துவிட்டதாகச் சொன்னான். ஓனர் அவனையே மறுபடி ஓட்டச் சொல்லிவிட்டாராம். நல்லது என்றேன்.

டீ குடித்து முடித்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வந்தான்.

“மாமா, அன்னைக்கு அந்தக் கம்பிய இழுத்துக் கட்டுனீகள்ல? என்னமா நின்னுச்சு வண்டி! அதே மாதிரி கட்டி விட்டுருங்க. அப்பறம் பின்னாடி இன்னும் ரெண்டு பட்டை போட்டுருங்க. பிரேக்குதான் சரியாயிருச்சே, இருபத்திரண்டு பேரு ஏத்தலாம்னு ஓனரு சொல்றாக.”

டீ கிளாஸை எங்கே வைத்தேன் என்று நினைவில்லை. உடைந்த சத்தம் மட்டும் கேட்டது. என்ன கத்தினேன் என்று இங்கே எழுத முடியாது. எழுதினாலும் பத்திரிகையில் போட மாட்டார்கள். ஏலே, மலையில் மோதினவன் நீதானே, அந்தப் பெண்கள் அலறினது உன் காதில்தானே விழுந்தது என்று கேட்டேன்.

அவன் எழுந்திருக்கவில்லை. “கத்தாதீக மாமா. இருபத்திரண்டு ஏத்தாட்டி வேற டிரைவரப் பாத்துக்கிறேன்னு சொல்லிட்டாக. லைசென்ஸ வச்சுக்கிட்டு நான் வீட்ல குத்த வச்சு என்ன செய்ய?”

முடியாது என்றேன். சரி மாமா என்று சொல்லிவிட்டுப் போனான். கோபமே படவில்லை. அது எனக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது. திராட்சைப் பெட்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு போகச் சொல்லிக் கத்தினேன். அதையும் காதில் வாங்காமல் போய்விட்டான்.

அடுத்த வாரம் ஒருநாள், காலை வெளிச்சம் வந்த நேரம், பட்டறை ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தேன். அந்த ஜீப் வந்தது. புது மட்கார்டு, புது பம்பர். பின்பக்கம் முன்னைவிடத் தூக்கி நின்றது. நான் போட மறுத்ததை வேறு யாரோ ஒரு மணி நேரத்தில் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். போனில் எடுத்த படத்தைப் பார்த்தே கம்பியையும் கட்டியிருப்பார்கள்.

ரோட்டின் நடுவே போய்க் கையை விரித்து நின்றேன். காதர் நிறுத்தினான். சுத்தமாக நின்றது. பின்னால் போய் எண்ணினேன். இருபத்திரண்டு. கடைசியில், கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பாண்டியம்மாள். தோள் கட்டு அவிழ்த்தாகிவிட்டது.

“எறங்குங்க,” என்றேன். “எல்லாரும் எறங்குங்க. ஒருத்தரும் இதுல போகக்கூடாது.”

ஒருத்தரும் அசையவில்லை. “ஏம்மா பாண்டியம்மா, நீயுமா? அன்னைக்கு நீதான அப்பிடிக் கேட்ட?”

“கேட்டேண்ணே. கேட்டு என்ன ஆச்சு?” என்றாள். குரலை உயர்த்தவில்லை. “ஏழு மணிக்கு மேல போனா எஸ்டேட்ல ஆள் எடுக்க மாட்டாக. இருபத்திரண்டு பேர்ல நாலு பேர எறக்கணும்னா யார எறக்கட்டும்? நீங்களே கைய காட்டுங்க.”

நான் அந்த முகங்களைப் பார்த்தேன். மடியில் தூக்குச் சட்டியை வைத்துக்கொண்டு அவர்களும் என்னையே பார்த்தார்கள். என்னால் யாரையும் காட்ட முடியவில்லை.

காதர் முன்னாலிருந்து தலையை நீட்டினான். எனக்குத் தைரியம் சொல்கிற குரல் அது. “பயப்படாதீக மாமா. பிரேக்கு நல்லாத்தான் பிடிக்கிது. நீங்க காட்டுன மாதிரியேதான் கட்டிருக்கோம்.”

நான் ஒதுங்கி வழி விட்டேன்.